தெர்மோஸ்டாட்டைக் கழற்றியும் ஊசி இறங்கலையே அண்ணே

13 ஏப்ரல் 2025
(திருப்பரங்குன்றத்துக்காரர் ஒருவரின் கேள்வி)

"தெர்மோஸ்டாட் எல்லாம் குளிர் நாட்டு வண்டிக்குத்தான், நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குன்னு மெக்கானிக் கழற்றிப் போட்டுட்டாரு. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. ஆனா இப்பவும் கோரிப்பாளையத்துல பாலம் வேலை நடக்குற இடத்துல ரெண்டு சிக்னல் நின்னா எஞ்சின் சூட்டைக் காட்டுற ஊசி மேல ஏறுது. ரிங் ரோட்டுல 60-ல போனா தானா இறங்கிருது. ரேடியேட்டரையே மாத்தணும்ங்கிறாரு. பத்து வருஷ வண்டி, பெட்ரோல். மாத்தலாமாண்ணே?"

14 ஏப்ரல், காலை

மாற்ற வேண்டாம் தம்பி. இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது அந்த வேலை ஃபேன் தலையில் விழுகிறது. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் பெரும்பாலும் கதை தலைகீழாக இருக்கும். டவுனுக்குள் எப்படியோ சமாளிக்கும். விருதுநகர் ரோட்டில் 100-ஐத் தொட்டதும் ஊசி கிளம்பும். வேகத்தில் எஞ்சின் தள்ளும் சூடு அதிகம், அதை வெளியேற்ற உள்ளே தண்ணீர் ஓட்டம் போதாது.

ஒன்று சொல்லுங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏசியும் குளிர் குறைகிறதா? கிளம்பியதும் மறுபடி சில்லென்று வருகிறதா? ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் நிற்கிறது, பெரும்பாலான சின்ன வண்டிகளில் இரண்டுக்கும் காற்று இழுப்பது ஒரே ஃபேன். இரண்டும் சேர்ந்து மக்கர் செய்தால் சந்தேகமே இல்லை, ஃபேன்.

பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பல வண்டிகளில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்றியாக வேண்டும். சுற்றவில்லை என்றால் ரேடியேட்டர் பேச்சையே எடுக்காதீர்கள். சாவியை அணைத்த பிறகும் சில வண்டிகளில் சூடு இருந்தால் ஃபேன் தானாகக் கிளம்பும். கை, துண்டு, வேட்டி நுனி எல்லாம் தள்ளியே இருக்கட்டும். சித்திரை முதல் நாளும் அதுவுமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்.

14 ஏப்ரல், இரவு

தெர்மோஸ்டாட் கதைக்கு வருகிறேன். காலையில் வேண்டுமென்றேதான் அதைத் தொடவில்லை, தொட்டால் நீளும்.

அது குளிர் நாட்டுச் சாமான் இல்லை. உள்ளே ஒரு மெழுகு உருண்டை. சூடானால் மெழுகு விரிந்து, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வால்வைத் தள்ளித் திறக்கும். நம் பக்கம் ஓடும் பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும், அந்த எண்ணை அதன் மேலேயே அடித்திருப்பார்கள். மதுரையில் வெளியே 40 டிகிரி அடிக்கிறது, சரி. எஞ்சினுக்கு வேண்டியது 90. 40-க்கும் 90-க்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது பாருங்கள். நம் சித்திரை வெயில்கூட எஞ்சினுக்குக் குளிர்தான்.

கழற்றிவிட்டால் எஞ்சின் சூடேறவே நேரம் எடுக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் 'இன்னும் ஆறிக் கிடக்கிறது' என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். மைலேஜ் போகும், எரியாத பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். செக் எஞ்சின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0128 என்று வந்தால் அர்த்தம் இதுதான்: எஞ்சின் வர வேண்டிய சூட்டுக்கு வரவில்லை.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, தண்ணீர் குறுக்கே சுற்றிவரும் பைபாஸ் வழியை அதன் பின்பக்கத் தட்டு அடைக்கும். அந்த மாதிரி எஞ்சினில் அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது, சூட்டைக் கூட்டும்.

பழசு கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தரையைத் தொடக்கூடாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் கூடவே போடுங்கள். நான் பார்த்தபோது முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. 80 தாண்டியதும் வால்வு விளிம்பில் நூலளவு கறுப்புக் கோடு தெரிந்தது, தண்ணீர் கொதி வருவதற்குள் விரல் நுனி போகிற அளவுக்கு வாய் திறந்துவிட்டது. எடுத்து ஆறவிட்டால் மெதுவாக மூடும். இது நடந்தால் நல்ல சாமான். கொதித்தும் திறக்கவில்லை, அல்லது ஆறியும் மூடவில்லை என்றால் குப்பை. வீட்டில் எந்தப் பாத்திரத்தை எடுத்தீர்கள் என்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

திருப்பி மாட்டும்போது அதில் சின்ன ஓட்டையும் ஆடும் குண்டும் இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும், காற்று வெளியேற.

16 ஏப்ரல்

ஃபேன் சுற்றவில்லையாம். "குச்சியால தட்டுனா சுத்துதுண்ணே" என்கிறார்.

தொழிலில் நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். தோட்டத்துப் பம்பு மோட்டார்தான் பிழைப்பு, கார் வேலை சொந்த வண்டிக்கு மட்டும். ஆனால் தட்டினால் சுற்றும் டிசி மோட்டாரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. கார்பன் பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரை (மோட்டார் தண்டில் கரண்ட் வாங்கும் செம்பு வளையம்) சரியாகத் தொடவில்லை. தட்டும் அதிர்வில் ஒட்டுகிறது, சுற்றுகிறது, நின்றால் மறுபடி அதே இடத்தில் விடுகிறது.

அதற்காக உடனே மோட்டார் வாங்கிவிடாதீர்கள். இந்த வரிசையில் போங்கள். முதலில் ஃபியூஸ். அப்புறம் ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), ஃபியூஸ் பாக்ஸுக்குள் ஹாரனுக்கோ வேறு எதற்கோ அதே நம்பர் போட்ட ரிலே இருக்கும், இடம் மாற்றிப் பாருங்கள். நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும், உருவம் ஒன்றாக இருந்தால் போதாது. அப்புறம் மோட்டார் கனெக்டரைப் பிடுங்கி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட தடிமனான ஒயரில் நேராகச் சப்ளை கொடுங்கள். எர்த் முனையைப் பேட்டரியில் வைக்காமல் பாடியில் வையுங்கள், பேட்டரிக்கு மேலே பொறி தட்டக்கூடாது. நேர்ச் சப்ளையிலும் சுற்றவில்லை என்றால் மோட்டார்தான். சுற்றினால் குற்றவாளி ஒயரிங்கிலோ, சென்சாரிலோ, கம்ப்யூட்டரிலோ.

சென்சார் சந்தேகமா? பல வண்டிகளில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்) டெம்பரேச்சர் சென்சார் கனெக்டரைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் பயந்துபோய் ஃபேனைப் போட்டுவிடும். அப்படிப் போட்டால் ரிலே, மோட்டார், ஒயர் எல்லாம் நல்லது என்று அர்த்தம். பிடுங்கியதற்கு பி0118 என்று கோளாறு பதிவாகும், பிறகு அழித்துக்கொள்ளலாம்.

16 ஏப்ரல், கொஞ்ச நேரம் கழித்து

மேலே விட்டுப்போனது. 'சுத்துதுல்ல, அப்ப ஃபேன் நல்லாருக்கு' என்று முடிவு கட்டாதீர்கள். எந்த வேகத்தில் சுற்றுகிறது?

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் பக்கம் வரும். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் கனெக்டரின் பின்பக்கம் மீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே 13-க்கு மேல் வந்தால் சரி. 10 என்று காட்டினால் மீதி வோல்ட்டை வழியில் ஏதோ ஒன்று தின்கிறது: துருப்பிடித்த எர்த் போல்ட், கருகிய கனெக்டர், தேய்ந்த ரிலே. ஃபேன் சுற்றும், ஆனால் காற்று இழுக்காது. ஏர் ஹாரன் மாட்டியவர்கள் எர்த் போல்ட்டில் என்னென்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும்.

இரண்டு வேக ஃபேன் என்றால் குறைந்த வேகத்துக்குத் தனி ரெசிஸ்டர் இருக்கலாம். அது கருகினால் சூடு உச்சிக்குப் போய் அதிவேகம் வரும்வரை ஃபேன் சும்மா இருக்கும். வெளியில் பார்க்க எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரியே தெரியும்.

19 ஏப்ரல்

அவர் மோட்டார் மாற்றிவிட்டார். அது முடியட்டும். நடுவில் மேலூர்க்காரர் ஒருவர் கேட்டது: "கூலண்ட் எதுக்குண்ணே, எங்கப்பா அம்பாசிடர்ல கிணத்துத் தண்ணி ஊத்தித்தான் ஓட்டுனாரு."

ஓட்டினார். அவர் ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருந்தது. அடைத்தால் பட்டறையில் மேல் தொட்டியை உருக்கிக் கழற்றி, தகட்டுக் கம்பி விட்டு ராடிங் செய்து, திருப்பி ஈயம் வைத்துவிடுவார்கள். இப்போதைய ரேடியேட்டர் அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக், விளிம்பை மடக்கி நெரித்து மாட்டியது. குழாயும் நகக்கண் அளவுக்குச் சப்பை. ராடிங் பேச்சே கிடையாது, மாற்றுவதுதான்.

நம்மூர் போர் தண்ணீர் என்ன செய்யும் என்று குளியலறைக் குழாய் முனையைப் பார்த்தாலே தெரியும். பட்டறை ஒன்றில் அறுத்துப் போட்டிருந்த ரேடியேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சப்பைக் குழாயின் வாயில் வெள்ளையாக, ஓரம் செம்மண் நிறத்தில் உப்பு கட்டி, ஊசி நுழையும் இடம்தான் மிச்சம். கீறினால் நகத்தில் பொடியாக வந்தது.

ஃபிளஷ் செய்வது பற்றி ஒரு எச்சரிக்கை. வருஷக் கணக்கில் உப்பு கட்டிய ரேடியேட்டரில் கடுமையான ஃபிளஷ் திரவம் ஊற்றினால், ஓட்டையை இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்த உப்பும் சேர்ந்தே கரைந்துவிடும். மறுநாள் கீழே ஈரம். ஃபிளஷ் கெடுத்ததில்லை அது, ஏற்கெனவே கெட்டிருந்தது.

பச்சைக் கூலண்டா, சிவப்பா? நிறத்துக்குச் சட்டம் எதுவும் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டிப் புத்தகத்தில் போட்ட வகையை வாங்குங்கள். பழைய வகை இரண்டு வருஷம் தாங்கும், கரிம அமில வகை ஐந்து வருஷம் வரை போகும். இரண்டையும் கலக்க வேண்டாம். தண்ணீர் கலக்க வேண்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ரெடி மிக்ஸ் என்று போட்டிருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்.

வடித்ததைத் தெருவில் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் ஆடும் நக்கும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.

20 ஏப்ரல்

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன், தண்ணீருக்குக் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்ட மாதிரி இருக்கிறது. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலண்டை விடக் கெட்டிக்காரன். மேலூர்க்காரரின் அப்பா வண்டி குளிர்ச்சியாக ஓடியதில் ஆச்சரியம் இல்லை. கூலண்ட் வேண்டும் என்பதற்குக் காரணம் வேறு: துரு, உப்பு, வாட்டர் பாடியின் (தண்ணீர் பம்பு) சீல், அப்புறம் கொதிநிலை. சரிபாதி கலவை திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரி பக்கம்தான் கொதிக்கும், தண்ணீர் 100-இல். ஆகவே வழியில் கூலண்ட் ஒழுகிவிட்டால் குடிதண்ணீர் பாட்டிலை ஊற்றி வீடு வந்து சேரலாம், பாவமில்லை. அதையே நிரந்தரமாக்க வேண்டாம்.

27 ஏப்ரல்

ஊசி சிவப்புக்குப் போனால் உடனே என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கப்பலூர் டோல் வரிசையில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள்.

ஏசியை அணைக்கவும். கண்ணாடியை இறக்கவும். ஹீட்டரை உச்சத்தில் வைத்து ப்ளோயரை முழு வேகத்தில் போடவும். ஆமாம், மதுரையில், சித்திரையில், ஹீட்டர். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டைக் காருக்குள் இறக்கும். வியர்த்துக் கொட்டும், ஹெட் (எஞ்சினின் மேல் பாகம்) பிழைக்கும். ஓரம் கட்ட இடம் கிடைத்ததும் கட்டவும். ஆவி வந்தால் உடனே எஞ்சினை அணைக்கவும்.

மூடியைத் திறக்கவே கூடாது. ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரிதான். பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார் அழுத்தம் தாங்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும், கலவை இன்னும் மேலே. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போகும், உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே மூச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணியால் அமுக்கிப் பாருங்கள். கல்லாக இருந்தால் காத்திருங்கள். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது, ஹெட் கோணும், சமயத்தில் விரிசல் விடும்.

ஊசி இறங்கிவிட்டது என்று சந்தோஷப்படுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கூலண்ட் முழுக்கப் போய்விட்டால் சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கும், அப்போது ஊசி பொய் சொல்லும். கீழே ஒழுகியிருக்கிறது, ஊசி மட்டும் நல்லபிள்ளையாக நிற்கிறது என்றால் ஊசியை நம்பாதீர்கள்.

இப்போது பல வண்டிகளில் ஊசியே இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரியும்போது நேரம் கடந்திருக்கும். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி புளூடூத் கருவி ஒன்றை மாட்டி போனில் பார்த்துக்கொள்வது நல்லது. சாதாரண ஓட்டத்தில் உங்கள் வண்டி எத்தனை டிகிரியில் நிற்கிறது, ஃபேன் எப்போது வந்து எப்போது நிற்கிறது என்று ஒருமுறை தெரிந்துவைத்தால் மெக்கானிக் சொல்வதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

4 மே

கொடைக்கானல் சீசன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது மட்டும் சூடாகிறது, டவுனில் இல்லை என்று இரண்டு பேர். மலையில் எஞ்சினுக்குப் பாரம் அதிகம், வேகம் குறைவு, முன்காற்றும் குறைவு. டவுனில் தெரியாத சின்னக் குறை எல்லாம் அங்கே வெளியே வரும். முதலில் மூடியை மாற்றுங்கள், சில நூறு ரூபாய். கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். எஞ்சின் வேலை செய்யும் சூடே 90. மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டி மேலே போவதற்குள் கொதித்துவிடும்.

இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கொதிப்பது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதில் 205 டிகிரி தாங்கும், ஈரம் ஏறியபின் 140-தான் கணக்கு. மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள். யாருக்கும் நினைவிருக்காது.

12 மே

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். தல்லாகுளம் பக்கம் வண்டியை எடுத்தவர்கள் எல்லோரும் இன்று ஃபேன் பரிசோதனை முடித்திருப்பார்கள்.

18 மே

ஒழுகலே இல்லை, ஆனால் ரிசர்வ் டேங்க் குறைந்துகொண்டே போகிறது என்று உசிலம்பட்டியிலிருந்து. இதுதான் பயப்பட வேண்டியது. காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் இறுகிவிடுகிறதா? சூடு ஏறும் முன்னே அழுத்தம் ஏறினால் அது சிலிண்டரில் எரிந்த வாயு, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது. ஆயில் மூடிக்கு அடியில் வெளுத்த பசை இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் மழைக்காலத்தில் சும்மாவே வரும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் வந்தால் சீரியஸ். நீலத் திரவம் வைத்துச் சோதிக்கும் கருவி சில பட்டறைகளில் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்தால் எரிந்த வாயு பட்டு மஞ்சளாகும். அது மஞ்சளாகாமல் ஹெட்டைத் தூக்க விடாதீர்கள்.

தூக்கினால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை, கண்ணுக்குத் தெரியாது, நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வேண்டும். ஹெட் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் 'கை அளவுல' இறுக்குகிறவரிடம் வண்டியை விட வேண்டாம், அவர் எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்தாலும்.

25 மே

திருப்பரங்குன்றத்துத் தம்பி மறுபடி. புது மோட்டார், புது தெர்மோஸ்டாட், கூலண்ட் எல்லாம் போட்டாயிற்று. ஏசி இல்லாமல் எவ்வளவு நேரம் நின்றாலும் ஊசி நடுவில் நிற்கிறது. ஏசி போட்டு நின்றால் மட்டும் லேசாக ஏறுகிறதாம். "அப்ப ரேடியேட்டர்தானாண்ணே?"

இன்னும் இல்லை. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். போட்டோ அனுப்பினார். போடி, தேனி என்று அடிக்கடி போகிற வண்டி. அந்த இடைவெளியில் இலவம்பஞ்சும் பூச்சியும் தூசியும் சேர்ந்து மெத்தை தைத்திருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும், பின்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்று இருக்கும்.

மேல் கிளாம்பை எடுத்து ரேடியேட்டரைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் கை போகும். பஞ்சைக் கையால் உரித்துவிட்டு, எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். சாதாரண ஹோஸ் போதும். வாட்டர் வாஷ் பிரஷர் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் தகடு எல்லாம் படுத்துவிடும், அப்புறம் நிஜமாகவே ரேடியேட்டர் வாங்க வேண்டியதுதான்.

26 மே

முடித்துவிட்டாராம். ஏசியோடு காளவாசலில் நின்று பார்த்து 96-இல் ஃபேன் வருகிறது, 91-இல் நிற்கிறது என்று போனிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். பழைய ஃபேன் மோட்டாரை என்ன செய்வது என்று கேட்டார். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கம்யூட்டேட்டர் பள்ளம் விழாமல் இருந்தால் கார்பன் மாற்றி வைத்துக்கொள்ளலாம், டிக்கியில் ஒரு ஸ்பேர் கிடக்கட்டும்.